பேச்சு மன்றத்தில் புள்ளியும் பரமபதமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேடைப் பேச்சு பழகுவதற்கான உலகளாவிய அமைப்பு டோஸ்ட்மாஸ்டர்ஸ். அதன் மன்றங்களில், யார் எப்போது பேசுவது என்று திட்டமிடும் கல்வித் துணைத் தலைவர் பொறுப்புக்கு வருபவர்கள், கூட்டங்களில் புள்ளி விளையாட்டு நடத்துவது பற்றி ஒவ்வோர் ஆண்டும் ஜூலை மாதத்தில் கேட்கும் கேள்விகள் இவை. கல்லூரி இலக்கிய மன்றங்களுக்கும் அலுவலகப் பேச்சுக் குழுக்களுக்கும் இவற்றில் பெரும்பகுதி பொருந்தும்.

பேசக் கற்றுக்கொள்ளத்தானே வருகிறார்கள்? விளையாட்டு எதற்கு?

வருகிறார்கள், உண்மைதான். முதல் பேச்சைக் கை நடுங்கப் பேசி, கைதட்டு வாங்கி, அன்றிரவு தூக்கம் வராமல் மகிழ்கிறார்கள். அதற்குப் பிறகுதான் சிக்கல். ஒரு கூட்டத்தில் ஆயத்தப் பேச்சுக்கு இரண்டு அல்லது மூன்று இடங்கள்தான் இருக்கும். இருபது உறுப்பினர்கள் உள்ள மன்றம் மாதம் இருமுறை கூடினால், ஒருவருக்கு அடுத்த வாய்ப்பு வர நான்கைந்து மாதங்கள்கூட ஆகலாம். அதுவரை அவர் பார்வையாளர். நாற்காலியில் உட்கார்ந்து கைதட்டுவதற்குச் சந்தா கட்டி, வார விடுமுறையைத் தியாகம் செய்து எத்தனை நாள் வருவார்?

பேச்சுத் திறன் வளர்வது வளர்பவருக்கே தெரியாது என்பது இன்னொரு தொல்லை. எடை தூக்குபவருக்குத் தட்டின் எண்ணிக்கை தெரியும். பேசுபவருக்கு அப்படி எதுவும் இல்லை. நான் பார்த்தவரை, மன்றத்தை விட்டுப் போனவர்களில் பயத்தால் போனவர்கள் குறைவு. 'ஒன்றும் நடக்கவில்லை' என்று நினைத்துப் போனவர்கள்தான் அதிகம். இரண்டு பேச்சுகளுக்கு இடையிலுள்ள அந்தக் காலி மாதங்களை நிரப்பவும், நடந்த வளர்ச்சியைக் கண்ணில் காட்டவும்தான் விளையாட்டு. கூட்டத்தைக் கலகலப்பாக்குவது கூடுதல் லாபம்.

டோஸ்ட்மாஸ்டர்ஸ் அமைப்பிலேயே விருதும் படிநிலையும் இருக்கின்றனவே?

இருக்கின்றன. சொல்லப்போனால் அந்த அமைப்பின் எலும்பிலேயே விளையாட்டு இருக்கிறது. அமைப்பின் நிறுவனர் ரால்ஃப் ஸ்மெட்லி 1924 அக்டோபர் 22 அன்று கலிஃபோர்னியாவின் சாண்டா அனா நகரில், ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தின் அடித்தளத்தில் முதல் கூட்டத்தை நடத்தினார். கற்பதிலும் வேலையிலும் விளையாட்டைக் கலப்பதற்குப் பெயர் வைத்துக் கோட்பாடு எழுதும் காலம் அதற்கு வெகு பின்னால் வந்தது.

ஆயத்தப் பேச்சு என்றால் நேரம் பார்ப்பவர் 5 நிமிடத்தில் பச்சை, 6-இல் மஞ்சள், 7-இல் சிவப்பு என்று விளக்கோ அட்டையோ காட்டுவார். நாலரை நிமிடத்துக்கு முன்பு முடித்தாலும் ஏழரையைத் தாண்டினாலும் போட்டியில் தகுதி போய்விடும். கொடுத்த தலைப்பில் உடனே எழுந்து பேசும் டேபிள் டாபிக்ஸுக்கு ஒன்று முதல் இரண்டு நிமிடம். கூட்ட முடிவில் சிறந்த பேச்சாளர், சிறந்த மதிப்பீட்டாளர் என்று வாக்கெடுப்பு நடத்தி ரிப்பன் கொடுப்பார்கள். பாத்வேஸ் பாடத்திட்டத்தில் ஒவ்வொரு பாதைக்கும் ஐந்து படிகள். உச்சியில் டி.டி.எம். (டிஸ்டிங்விஷ்டு டோஸ்ட்மாஸ்டர்) பட்டம். மன்றத்துக்கும் தனியாக ஆண்டுக்குப் பத்து இலக்குகள் உண்டு. உறுப்பினர் எண்ணிக்கை நிபந்தனையையும் நிறைவேற்றினால் ஐந்து, ஏழு, ஒன்பது என்று ஏற ஏற மன்றத்தின் தகுதியும் ஏறும். இவற்றுக்கெல்லாம் மேலே, 1938 முதல் நடந்துவரும் உலகப் பேச்சுப் போட்டி. 2014-இல் இலங்கையின் தனஞ்சய ஹெட்டியாராச்சியும் 2017-இல் சிங்கப்பூரின் மனோஜ் வாசுதேவனும் வென்ற போட்டி அதுதான்.

இவ்வளவு இருந்தும் ஏன் போதவில்லை? படிகளுக்கு இடையிலான தூரம் அதிகம். ஐந்து படிகளை முடிக்க ஓர் ஆண்டுக்கும் மேல் ஆகலாம். போன மாதம் சேர்ந்தவருக்கு அது அடிவானம். வார ரிப்பன் பக்கத்தில்தான் இருக்கிறது, ஆனால் எல்லா மன்றங்களிலும் அதைத் திரும்பத் திரும்ப வாங்குவது அதே மூன்று பேர். மன்றத்தின் பத்து இலக்குகளோ செயற்குழுவின் கவலை. சாதாரண உறுப்பினருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. தொலைவில் இருக்கும் பரிசு, சிலருக்கு மட்டும் பரிசு, தனக்குச் சம்பந்தமில்லாத பரிசு. இவற்றுக்கு நடுவே, எல்லோர் கைக்கும் எட்டும் உயரத்தில் ஏதாவது வேண்டும்.

எதற்குப் புள்ளி கொடுக்க வேண்டும்?

இந்தப் பக்கத்தில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள். திறமைக்குப் புள்ளி கொடுக்காதீர்கள். எழுந்து வந்ததற்குக் கொடுங்கள்.

நன்றாகப் பேசியவருக்கு ஏற்கெனவே கைதட்டும் ரிப்பனும் கிடைத்துவிட்டன. புள்ளியையும் அவருக்கே கொடுத்தால் உள்ளவருக்கே மேலும் கொடுத்ததாகும். உறுப்பினர் தன் முடிவால் செய்யக்கூடிய செயல்களுக்குத்தான் புள்ளி இருக்க வேண்டும். 'சிறந்த பேச்சாளர்' ஆவது அவர் கையில் இல்லை. செவ்வாய்க்கிழமையே பெயர் கொடுப்பது அவர் கையில் இருக்கிறது.

நான் பரிந்துரைக்கும் கணக்கு இப்படிப் போகும். ஆயத்தப் பேச்சுக்கு 5 புள்ளி. பேச்சை மதிப்பிடுபவருக்கும் அதே 5, ஏனென்றால் இன்னொருவர் பேச்சைக் கவனித்துக் கேட்டு இரண்டு மூன்று நிமிடத்தில் பயனுள்ள கருத்தைச் சொல்வது பேசுவதைவிடக் கடினம். அதற்கு ஆள் கிடைப்பதும் அரிது. டேபிள் டாபிக்ஸில் எழுந்தால் 3. நேரம் பார்த்தல், ஆ எண்ணுதல் (பேச்சாளர்கள் 'ஆ' என்று இழுப்பதைக் கணக்கிடுதல்), இலக்கணம் கவனித்தல் ஆகியவற்றுக்கு 2. ஒரு வாரம் முன்பே பொறுப்பை ஏற்றால் கூடுதலாக 1. கூட்டத்தன்று யாரோ வராமல் காலியான பொறுப்பை அந்த நேரத்தில் ஏற்பவருக்கு 4. மன்றத்தைக் காப்பாற்றுபவர் அவர்தான். விருந்தினரை அழைத்து வந்தால் 2, அதே விருந்தினர் இரண்டாம் முறையும் வந்தால் 4. இரண்டாவதற்கு ஏன் கூடுதல் என்றால், முதல் முறை நண்பரை இழுத்து வந்துவிடலாம். இரண்டாம் முறை அவராக வர வேண்டுமானால் முதல் நாள் அவரைக் கவனித்திருக்க வேண்டும்.

சிறந்த பேச்சாளர் வாக்கெடுப்பில் வென்றால்? சுழியம். இதைச் செயற்குழுவில் சொன்னால் முதலில் முகம் சுளிப்பார்கள். விடாதீர்கள்.

எங்கள் மன்றத்தில் உடனே தொடங்க ஒரு விளையாட்டு சொல்ல முடியுமா?

பரமபதம். நூறு கட்டங்கள் கொண்ட படத்தைப் பெரிய ஃபிளெக்ஸாக அச்சடித்துச் சுவரில் மாட்டுங்கள். ஒவ்வோர் உறுப்பினருக்கும் பெயர் எழுதிய ஒட்டுத்தாள் ஒன்று காய். கூட்ட முடிவில், அன்று பெற்ற புள்ளிகளுடன் தாயக்கட்டையை ஒருமுறை உருட்டி விழும் எண்ணையும் சேர்த்துக் காயை நகர்த்த வேண்டும்.

கட்டையை எடுத்துவிட்டுப் புள்ளியை மட்டும் வைத்தால் நியாயமாக இருக்கும் என்று உங்கள் மன்றத்துக் கணக்காளர் நிச்சயம் சொல்வார். நியாயமாக இருக்கும், ஆனால் சப்பென்றிருக்கும். அதிர்ஷ்டம் கொஞ்சம் கலந்தால்தான் நேற்று சேர்ந்தவர் பத்தாண்டு அனுபவசாலியை முந்த முடியும். தோற்றவருக்கும் 'கட்டை சரியாக விழவில்லை' என்று சொல்லிக்கொள்ள ஒரு சாக்கு கிடைக்கும். மானம் காக்கும் சாக்கு விளையாட்டுக்கு மிகவும் தேவை.

பாம்புக்கும் ஏணிக்கும் தனி விதி. ஏணியின் அடியில் நின்றவர், அடுத்த கூட்டத்துக்கு ஒரு பொறுப்பை அங்கேயே ஏற்றால்தான் ஏறலாம். பாம்பின் வாயில் விழுந்தவருக்கு இரண்டு வழிகள்: பேசாமல் கீழே இறங்கிவிடலாம், அல்லது டப்பாவிலிருந்து ஒரு சீட்டை எடுத்து அந்தத் தலைப்பில் ஒரு நிமிடம் பேசித் தப்பலாம்.

இந்த இரண்டாவது வழிதான் விளையாட்டின் உயிர். வங்கியில் வேலை பார்க்கும் ஓர் உறுப்பினர் இருந்தார். டேபிள் டாபிக்ஸ் தொடங்கினால் கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போய்விடுவார். ஒருநாள் அவருடைய காய் எண்பதுகளில் இருந்த பெரிய பாம்பின் வாயில் விழுந்தது. இறங்கினால் இருபதுகளுக்குப் போக வேண்டும். சுவரைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார், "சீட்டைக் கொடுங்கள்" என்றார். 'உங்கள் வீட்டுச் சாவிக்கு வாய் இருந்தால்' என்பது தலைப்பு. சாவி தன்னைத் தொலைத்த இடங்களை எல்லாம் பட்டியல் போட ஆரம்பித்தது. பச்சை அட்டை தூக்கியதை அவர் கவனிக்கவே இல்லை. மஞ்சளைப் பார்த்துத்தான் நிறுத்தினார். மேடைக்கு வாருங்கள் என்று பல மாதங்களாக நாங்கள் கெஞ்சிப் பார்த்தும் நடக்காதது. மேடை ஏறுவதாக அவர் நினைக்கவில்லை, பாம்பிடமிருந்து தப்புவதாகத்தான் நினைத்தார்.

முன்னணிப் பட்டியல் வெளியிடலாமா?

தனிநபர் பட்டியலை முழுதாக வெளியிடாதீர்கள். முதல் மூன்று பேருக்கு அது தேவையில்லை, கடைசி மூன்று பேருக்கு அது வலி. இருபதாம் இடத்தில் தன் பெயரை வாட்ஸ்அப் குழுவில் பார்த்தவர் அடுத்த வாரம் வீட்டில் ஏதோ விசேஷம் என்பார்.

ரிச்சர்ட் பார்டில் என்ற பிரிட்டன் விளையாட்டு வடிவமைப்பாளர் 1996-இல் கணினி விளையாட்டாளர்களை நான்காகப் பிரித்தார்: சாதிக்க வருபவர்கள், புதியதைத் தேடி வருபவர்கள், பழக வருபவர்கள், பிறரை வீழ்த்த வருபவர்கள். பேச்சு மன்றத்தில் பெரும்பாலோர் பழக வருபவர்கள் என்பது என் கணிப்பு. பட்டியல் சாதனையாளர்களையும் வீழ்த்துபவர்களையும் மட்டும்தான் சூடேற்றும்.

அதனால் அணியாகப் பிரியுங்கள். ஓர் அணிக்கு ஐந்தாறு பேர், அதில் கட்டாயம் ஒரு மூத்தவரும் ஒரு புதியவரும். சேரர், சோழர், பாண்டியர் என்றுதான் பெயர் வைப்பீர்கள். எல்லோரும் அப்படித்தான் வைக்கிறார்கள். நான்காவது அணிக்குப் பல்லவர் என்று பெயர் சூட்டிவிட்டு, மூவேந்தரில் தங்களைச் சேர்க்கவில்லை என்று அவர்கள் ஆண்டு முழுவதும் புலம்புவதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். அணிப் புள்ளியை மட்டும் வெளியிடுங்கள். அணியில் எல்லோரும் ஏதேனும் ஒரு பொறுப்பைச் செய்த மாதத்தில் அணிக்குக் கூடுதலாக 10 புள்ளி. இதை வைத்துவிட்டால், மௌனமாக இருப்பவரைத் தொலைபேசியில் அழைத்து 'வாருங்கள், நேரமாவது பாருங்கள்' என்று சொல்லும் வேலையைச் செயற்குழு செய்ய வேண்டாம், அணியே செய்யும்.

பரிசாக என்ன தரலாம்? பணமோ பரிசுக்கூப்பனோ தரலாமா?

வேண்டாம். 1973-இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகியோர் ஸ்டான்ஃபோர்டில் மழலையர் பள்ளிக் குழந்தைகளிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். ஓவியம் வரைந்தால் சான்றிதழ் கிடைக்கும் என்று முன்கூட்டியே சொல்லி வரைய வைத்த குழந்தைகள், பிற்பாடு தாமாக வரைவதைக் குறைத்துக்கொண்டார்கள். முன்பே சொல்லாமல் வரைந்து முடித்த பிறகு அதே சான்றிதழைப் பெற்ற குழந்தைகளுக்கு ஆர்வம் குறையவில்லை. பரிசு வருவதில் தவறில்லை, பரிசுக்காகச் செய்கிறோம் என்ற எண்ணம் வருவதில்தான் கோளாறு.

எனவே எதிர்பாராமல் கொடுங்கள். யாரும் கவனிக்காத ஒன்றைக் கவனித்துக் கொடுங்கள்: மூன்று கூட்டங்களாக நாற்காலிகளை அடுக்கி வைத்தவருக்கு ஒரு புத்தகம், முதன்முறை குறிப்புத்தாள் இல்லாமல் பேசியவருக்கு ஒரு பேனா. அணிகளுக்கு வேண்டுமானால் சுழற்கோப்பை. பள்ளிப் பேச்சுப் போட்டிகளில் நாம் பார்த்த அதே பித்தளைக் கோப்பைதான். காலாண்டுக்கு ஒருமுறை கை மாற வேண்டும் என்பதால், வைத்திருப்பவருக்கு நிம்மதி இருக்காது. அதுவே நல்லது.

புதியவர்களைத் தொடக்கத்திலேயே பிடித்து வைக்க வழி உண்டா?

முதல் நாளே கொஞ்ச தூரம் கடந்தது போன்ற உணர்வைக் கொடுங்கள். 2006-இல் வெளியான ஓர் ஆய்வில் கார் கழுவும் நிலையம் ஒன்றின் வாடிக்கையாளர்களுக்கு இரண்டு வகை அட்டைகள் கொடுக்கப்பட்டன. ஒன்றில் எட்டுக் கட்டங்கள், எல்லாம் காலி. இன்னொன்றில் பத்துக் கட்டங்கள், இரண்டில் முன்பே முத்திரை. இரண்டுக்கும் இன்னும் எட்டு முறைதான் வர வேண்டும். காலி அட்டையை முடித்தவர்கள் 19 சதவீதம், முத்திரையுடன் தொடங்கியவர்களில் முடித்தவர்கள் 34 சதவீதம்.

புதிய உறுப்பினருக்கும் பதினாறு கட்ட அட்டை ஒன்றைக் கொடுங்கள்: நேரம் பார்த்தல், ஆ எண்ணுதல், கூட்டத்தில் அறிவிக்கப்படும் அன்றைய சொல்லைப் பேச்சில் பயன்படுத்துதல், முதல் பேச்சு, முதல் மதிப்பீடு, பிற மன்றம் ஒன்றுக்குச் சென்று வருதல் என்று. 'விருந்தினராக வந்தார்', 'தன்னை அறிமுகம் செய்துகொண்டார்' என்ற இரண்டு கட்டங்களில் முத்திரை குத்தியே கொடுங்கள். ஏமாற்றுவேலை அல்ல, அவர் அந்த இரண்டையும் உண்மையிலேயே செய்திருக்கிறார்.

'ஆ' என்று இழுக்கும்போதெல்லாம் மணி அடிக்கலாமா? காசு வசூலிக்கலாமா?

அனுபவசாலிகளுக்கு அடிக்கலாம், அதுவும் அவர்களே கேட்டுக்கொண்டால். முதல் மூன்று பேச்சுகளுக்குள் இருப்பவருக்கு ஒருபோதும் கூடாது. மணி அடித்ததும் அவர் பேச்சை மறந்து மணிக்காகக் காத்திருக்க ஆரம்பித்துவிடுவார்.

தமிழில் பேசும் மன்றங்களில் 'ஆ'வைவிட 'வந்து', 'அதாவது', 'ஆக்சுவலி' ஆகியவைதான் அதிகம். ஆ எண்ணுபவர் 'உங்களுக்குப் பதினேழு' என்று சபையில் அறிவிப்பதைவிட, ஒவ்வொருவருக்கும் அவரவர் எண்ணை ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுப்பது மேல். போட்டி அவருடைய போன மாத எண்ணோடுதான். பதினேழு பன்னிரண்டாகக் குறைந்திருந்தால் அதை மட்டும் சபையில் சொல்லுங்கள். காசு வசூல், எனக்குப் பிடிக்காது. தேநீர்ச் செலவுக்கு ஆகும் என்பதைத் தவிர அதில் ஒரு நன்மையும் காணோம்.

புள்ளிக்காக ஏமாற்றினால்?

ஏமாற்றுவார்கள். எதை எண்ணுகிறீர்களோ அதை உற்பத்தி செய்துவிடுவது மனித இயல்பு. மதிப்பீட்டுக்கு 5 புள்ளி என்றதும் 'நன்றாகப் பேசினார், வாழ்த்துகள்' என்று இருபது வினாடியில் ஒருவர் உட்கார்ந்துவிடுவார். அதற்கு விதியைக் கூட்டாதீர்கள்; மதிப்பீட்டாளர் குறைந்தபட்ச நேரத்தைத் தொட்டாரா, பேச்சாளர் அடுத்த முறை மாற்றிச் செய்ய ஒன்றையாவது சொன்னாரா என்று, கூட்டம் முழுவதையும் மதிப்பிடும் பொது மதிப்பீட்டாளர் பார்த்தால் போதும்.

ஆண்டு இறுதியில் நடப்பது இதைவிடப் பெரியது. மன்ற ஆண்டு ஜூன் 30-இல் முடிகிறது. பத்து இலக்குகளில் ஒன்று குறைகிறது என்றால், மே மாதத்தில் ஒரே ஆளை வாரத்துக்கு இரண்டு பேச்சுப் பேச வைத்துப் படியை முடிக்கவைக்கும் வழக்கம் ஊரறிந்தது. அவர் மூச்சிரைக்கப் பேசிய பேச்சுகள் யாருக்கும் நினைவில் நிற்பதில்லை, அவருக்கும்கூட. உங்கள் விளையாட்டை அந்த ஓட்டத்துக்குத் தார்க்குச்சி ஆக்காதீர்கள்: ஒருவருக்கு மாதத்தில் ஓர் ஆயத்தப் பேச்சுக்குத்தான் புள்ளி என்று உச்சவரம்பு வையுங்கள்.

கூச்சம் மிகுந்தவர்களை இது விரட்டிவிடாதா?

கட்டாயப்படுத்தினால் விரட்டிவிடும். விளையாட்டில் சேராமல் இருக்கும் உரிமை வெளிப்படையாக இருக்க வேண்டும். மேடை ஏறாமலேயே புள்ளி பெறும் வழிகளும் வேண்டும்: நேரம் பார்ப்பது, கூட்ட அறிக்கை எழுதுவது, விருந்தினரை வாசலில் வரவேற்பது. நேரம் பார்ப்பவர் அட்டையைத் தூக்கிக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தாலும், இறுதியில் எழுந்து அறிக்கை சொல்ல வேண்டும். அந்த அரை நிமிடம்தான் பலருக்கு முதல் பேச்சு.

மூத்த உறுப்பினர்கள் 'சிறுபிள்ளைத்தனம்' என்கிறார்களே?

அவர்களை நடுவராக்கிவிடுங்கள். எதிர்ப்பு அன்றே அடங்கிவிடும்.

இதற்குச் செயலி ஏதும் தேவையா?

தேவையில்லை. கூகுள் ஷீட் ஒன்றும் சுவரில் ஒரு படமும் போதும். செயலியில் இருக்கும் புள்ளியைத் தேடிப் போய்ப் பார்க்க வேண்டும். சுவரில் இருப்பது தேநீர் குடிக்கும்போது கண்ணில் படும், அதைச் சுற்றி நின்று பேசுவார்கள். இணையவழிக் கூட்டமானால் சுவர் இல்லை. படத்தைக் கூட்ட இறுதியில் திரையில் பகிர்ந்து, எல்லோர் முன்னிலையிலும் காயை நகர்த்துங்கள்.

எவ்வளவு காலம் நடத்தலாம்?

எட்டு முதல் பத்து வாரம். அதற்கு மேல் போனால் முன்னால் இருப்பவர் எட்ட முடியாத தூரத்துக்குப் போய்விடுவார், மற்றவர்கள் கைவிட்டுவிடுவார்கள். முடிந்ததும் எல்லோர் காயையும் முதல் கட்டத்துக்குக் கொண்டுவந்துவிட்டு ஒரு மாதமாவது சும்மா இருங்கள்.

எப்போது என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. சந்தா ஆண்டுக்கு இருமுறை, அக்டோபர் 1 மற்றும் ஏப்ரல் 1 தேதிகளையொட்டிப் புதுப்பிக்கப்படுகிறது. 'தொடரலாமா' என்று உறுப்பினர் யோசிப்பது அதற்கு முந்தைய வாரங்களில்தான். எனவே ஒரு விளையாட்டை ஜூலைக் கடைசியில் தொடங்கிச் செப்டம்பர் இறுதியிலும், இன்னொன்றை ஜனவரிக் கடைசியில் தொடங்கி மார்ச் இறுதியிலும் முடியுங்கள். டோஸ்ட்மாஸ்டர்ஸ் தலைமையகமும் ஆகஸ்ட்–செப்டம்பர், பிப்ரவரி–மார்ச் மாதங்களில் புதிய உறுப்பினர் சேர்ப்புக்கான விருதுகளை வைத்திருக்கிறது. இரண்டும் ஒன்றாகக் கைகொடுக்கும்.

பலன் இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

புள்ளிக் கணக்கைப் பார்த்து அல்ல. அது ஏறத்தான் செய்யும். நிகழ்ச்சி நிரலைப் பாருங்கள். கூட்டத்துக்கு எத்தனை நாள் முன்பு எல்லாப் பொறுப்புகளும் நிரம்புகின்றன? கூட்டத்தன்று காலை வரை 'யாராவது மதிப்பீட்டுக்கு வாருங்கள்' என்று குழுவில் கெஞ்சியது நின்றிருக்கிறதா? இரண்டு மாதமாக வாய் திறக்காதவர்களின் எண்ணிக்கை குறைந்திருக்கிறதா? விளையாட்டு தொடங்குவதற்கு முந்தைய இரண்டு மாத நிகழ்ச்சி நிரல்களை எடுத்து வைத்துக்கொண்டு ஒப்பிட்டால் அரை மணி நேரத்தில் விடை கிடைத்துவிடும்.

விளையாட்டு இல்லாத அந்த ஒரு மாதத்தின் நிரலையும் சேர்த்துப் பாருங்கள். படத்தைக் கழற்றிய பிறகும் பொறுப்புகள் முன்கூட்டியே நிரம்பினால் அடுத்த முறை புள்ளிகளைக் குறைத்துக்கொள்ளலாம். மறுபடியும் கெஞ்சல் தொடங்கிவிட்டால் கோளாறு விளையாட்டில் இல்லை. கூட்டம் நீளமாகவோ சலிப்பாகவோ இருக்கிறதா என்று முதலில் கவனியுங்கள்.